தரையில் நீட்டிய தறி

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நெசவுக் கலைக் கண்காட்சி ஒன்றுக்கு மகளோடு போனதையும், கறுப்பு வெள்ளைத் துணி ஒன்றின் முன் நின்று அவள், "இதுக்குப் போய்ப் பாலைவனம்னு பேர் வச்சிருக்காங்க. மணலையும் காணோம், ஒட்டகத்தையும் காணோமே!" என்று சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கும் அது வெறும் கோடும் முக்கோணமுமாகத்தான் தெரிந்திருக்கிறது. நகரத்து நவீன ஓவியர்கள் யோசித்து வைத்த பாணியா இது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. அந்தக் கோடு பாலைவனத்துத் தரையில் பிறந்தது. குவைத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன் நான். அங்கே பார்த்ததை வைத்தே பதில் சொல்கிறேன்.

அரபு நாடோடிகளான பெதூயின் பெண்கள் நெய்யும் நெசவுக்கு 'சதூ' என்று பெயர். குவைத் நகரத்தின் கடற்கரைச் சாலையில், தேசிய அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் 'சதூ இல்லம்' இருக்கிறது. இந்த நெசவு அழிந்துவிடக் கூடாது என்று 1979இல் தொடங்கிய முயற்சி அங்கே குடியிருக்கிறது. ஒரு நாள் மாலை அங்கே போனபோது, வயதான பெண்மணி ஒருவர் தரையில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். அரை மணி நேரம் நகராமல் பார்த்தேன்.

நம் ஊர்க் குழித்தறியைப் போல அதற்குச் சட்டமில்லை, மிதியில்லை. நான்கு முளைகள், இரண்டு கம்புகள், நடுவே தரையோடு தரையாக நீளும் பாவு. அவ்வளவுதான் தறி. பாலைவனத்தில் முளைகளை மணலில் அடிப்பார்கள். மேய்ச்சல் தேடிக் குடும்பம் கிளம்பினால், முளையைப் பிடுங்கி, நெய்தது நெய்யாதது எல்லாவற்றையும் சுருட்டி ஒட்டகத்தின் மேல் ஏற்றிவிடலாம். உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டுகிற அளவுதான் துணிக்கு அகலம். நீளத்துக்குக் கணக்கில்லை. அப்படி நெய்த நீண்ட பட்டைகளைப் பக்கம் பக்கமாகத் தைத்துத்தான் கூடாரமே எழும்புகிறது. உங்கள் மகள் பார்த்த கோட்டுக்கு முதல் காரணம், நாடோடிக் குடும்பத்தின் சுமை.

இரண்டாவது காரணம் நூலில் இருக்கிறது. சதூவில் பாவு இழைகள் மிக நெருக்கமாக நிற்கும். குறுக்கே ஓடும் ஊடை உள்ளே போய் மறைந்துவிடும். கண்ணில் படும் நிறமெல்லாம் பாவின் நிறம்தான். கறுப்பு எத்தனை, சிவப்பு எத்தனை என்பது பாவு போடும்போதே முடிவாகிவிடுகிறது. பாதியில் மனசு மாறினால் வழியில்லை. நேராக ஓடும் இழையை வைத்து வளைவு காட்டுவது கடினம். முக்கோணமும் சாய்சதுரமும் தாமாக வந்து அமர்கின்றன.

இதில் மிகக் கடினமானது 'ஷஜரா' என்னும் பட்டை. அரபியில் மரம் என்று பொருள். அதில் ஒரு வெள்ளை இழையும் ஒரு கறுப்பு இழையும் ஜோடி ஜோடியாக நிற்கும். அந்தப் பெண்மணி ஒவ்வொரு ஜோடியையும் விரலால் தொட்டு, எது மேலே வர வேண்டுமோ அதை எடுத்தார். மற்றது அடியில் போயிற்று. ஒரு வரிசை முடிந்ததும் ஊடையைச் செலுத்தி, மான் கொம்பின் முனையால் தட்டி இறுக்கினார். மறுபடியும் முதல் ஜோடியிலிருந்து ஆரம்பம். முன்னால் வரைபடம் எதுவும் இல்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. எண்ணிக்கை முழுவதும் நெஞ்சில் இருந்தது.

அந்த எண்ணிக்கையில்தான் பெதூயின் பெண்களுடைய உலகம் இருக்கிறது. குதிரைப் பல், தானிய மணி, கத்தரிக்கோல், சீப்பு என்று ஒவ்வொரு வடிவத்துக்கும் பெயர் உண்டு. அன்றாடம் கையில் புழங்கிய பொருள்கள், இழைக்கு அடங்கும் அளவுக்குச் சுருங்கிச் சுருங்கி, கோணங்களாக மிஞ்சியிருக்கின்றன.

ஒட்டகம் எங்கே என்று கேட்ட உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: ஒட்டகம் இருக்கிறது. செம்மறிக் கம்பளி, வெள்ளாட்டு ரோமத்தோடு ஒட்டக ரோமமும் இந்த நெசவுக்கு நூலாகிறது. ஒட்டகத்தின் உடலில் ஒவ்வொரு குலமும் இடும் சூட்டுக்குறிக்கு 'வஸ்ம்' என்று பெயர். அதையும் துணியில் நெய்திருக்கிறார்கள். சதூ என்ற சொல்லே ஒட்டகம் அசைந்து நடக்கும் நடையைக் குறிக்கும் என்பார்கள். மணலும் இருக்கிறது, சாயம் ஏற்றாத கம்பளியின் பழுப்பில்.

வெயிலையும் சொல்ல வேண்டும். 2016 ஜூலை 21 அன்று குவைத்தின் மித்ரிபாவில் பதிவான வெப்பம் 53.9 டிகிரி செல்சியஸ். அப்படிப்பட்ட நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களைக் காத்தது வெள்ளாட்டு ரோமத்தில் நெய்த கறுப்புக் கூடாரம். வெயில் நாளில் அதன் இழைகளுக்கிடையே காற்று புகுந்து வரும். மழை பட்டால் ரோமம் உப்பி இடைவெளியை அடைத்துவிடும். கலை வேறு, கூரை வேறு என்று அந்தப் பெண்கள் பிரித்ததே இல்லை.

நவீன ஓவியர்களைப் பற்றிக் கேட்டீர்களே. 1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அன்னி ஆல்பர்ஸ் என்ற நெசவுக் கலைஞருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. நெசவுக் கலைஞர் ஒருவருக்கு அந்த அருங்காட்சியகம் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. நெசவைப் பற்றி அவர் எழுதி 1965இல் வந்த நூலைப் பண்டைய பெரு நாட்டு நெசவாளர்களுக்கே சமர்ப்பித்தார், அவர்களைத் தம் ஆசிரியர்கள் என்று சொல்லி. பெருவின் கடலோரமும் பாலைவனம்தான். சுமார் 2,000 வருடத்துப் பழந்துணிகள் அங்கே மக்காமல் கிடைத்ததற்கு அந்த வறட்சியே காரணம். நகரத்துக் கலைஞர்தான் பாலைவனத்து நெசவாளர்களிடம் பாடம் படித்தார்.

சதூ நெய்யும் பெண்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது என்பதுதான் என் வருத்தம். எண்ணெய்ப் பணம் வந்தது, வீடு கான்கிரீட் ஆனது, ஒட்டகத்தின் வேலையை லாரி எடுத்துக்கொண்டது. நெய்யத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். 2011இல் யுனெஸ்கோ, ஐக்கிய அரபு அமீரகத்தின் சதூவை உடனடியாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. 2020இல் சவூதி அரேபியா, குவைத் இரண்டின் சதூவும் மனிதகுல மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. 2022 உலகக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்த கத்தாரின் அல் பைத் அரங்கம் இந்தக் கூடாரத்தின் உருவில் கட்டப்பட்டதுதான். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவர்கள் கோடிக்கணக்கானோர். அந்தக் கூடாரத்தை முதலில் நெய்த கைகளைப் பற்றி எத்தனை பேர் கேட்டோம்? இனியாவது சதூவை வெறும் அலங்காரம் என்று ஒதுக்காமல் கலை என்றே சொல்லுவோம்.

கடைசியாக ஒன்று. கூடாரத்துக்குள் ஆண்கள் விருந்தினரோடு உட்காரும் பகுதிக்கும் பெண்கள் புழங்கும் பகுதிக்கும் நடுவே ஒரு நெய்த திரை தொங்கும். ஒரு பெண்ணின் முழுத் திறமையும் அதில்தான் இறங்கும். அதன் நல்ல பக்கம் விருந்தினரைப் பார்த்திருக்கும். நெய்தவள் இருந்தது மறுபக்கத்தில். மேலே வராத இழைகள் தளர்ந்து கிடக்கும் பக்கம் அது.

அடுத்த முறை இப்படியொரு துணியைப் பார்த்தால், அனுமதி கேட்டு அதன் பின்பக்கத்தையும் உங்கள் மகளுக்குக் காட்டுங்கள். விரலால் எண்ணி எண்ணி, நெய்தவள் கீழே விட்ட ஒவ்வொரு இழையும் அங்கே இருக்கும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்