பாரத்துக்கு முன்னே பேச்சு

டுரியான் துங்கால் வட்டாரத் தோட்டத்தில் வளர்ந்த, படிக்கத் தெரியாத அம்மாவிடம் மலாய் பாரத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது சம்மதமாகாது. கருப்பை வாய்ப் பரிசோதனையா, பஞ்சுக்குச்சியையே கையில் கொடுத்துக் காட்டுங்கள். 2018-இல் மலாயாப் பல்கலைக்கழகம் தொடங்கிய ரோஸ் என்ற பரிசோதனைத் திட்டத்தில் பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துக்கொண்டார்கள். மாதிரியில் கிருமி தெரிந்தால் புற்றுநோய் என்று பொருளல்ல, மேற்கொண்டு பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். பிறகு, "வீட்டில் கேட்டால் என்ன சொல்வீங்கம்மா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும்போதே நாம் எதைச் சரியாக விளக்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

இவ்வளவு சொன்னால் பெண்கள் பயந்து வரமாட்டார்கள் என்பார்கள் சிலர். பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் புரியாமல் வந்தவர் முடிவு கேட்க எதற்காகத் திரும்பி வருவார்? படிக்கத் தெரியாவிட்டாலும், சீட்டுக் கணக்கை மனத்திலேயே வைத்திருப்பவருக்கு இந்த விளக்கம் புரியாமல் போகாது. வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. அன்றே பதில் கேட்காமல், மகளோடு பேசிவிட்டு வரச் சொல்லுங்கள்.