உண்ணிச்செடியை வெட்டும் முன் சருகைக் கிளறுங்கள்

உண்ணிச்செடி ஒழிப்பில் எத்தனை ஏக்கர் வெட்டினோம் என்பதே வழக்கமான கணக்கு. நிலம் தேறியதா என்பதை மண்ணுக்குள் வாழும் சிற்றுயிர்கள்தான் காட்டும். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் இன்று மண்டிக்கிடக்கும் இச்செடி புதராக மூடிய இடத்தில் புல்லும் பூண்டும் நலிகின்றன. பலவகை இலைகள் உதிர்ந்த இடத்தில் ஒரே வகைச் சருகு சேர்கிறது; நிழலும் ஈரமும் மாறுகின்றன. சருகைத் தின்னும் மரவட்டை, பூஞ்சையை மேயும் நுண்பூச்சிகள், அவற்றை வேட்டையாடும் பூரான் என எல்லாவற்றின் வாழ்விடமும் அத்துடன் மாறிப்போகிறது.

ஆகவே முதல் வேலை, வெட்டுவதற்கு முன்பே எண்ணுவது. புதருக்கு அடியில் ஓரிடம், அதே மண்ணும் அதே சரிவும் கொண்ட, உண்ணி இல்லாத ஓரிடம் என ஜோடி சேருங்கள். ஐந்து ஜோடியாவது வேண்டும். ஒவ்வொன்றிலும் 25 செ.மீ. சதுரம் குறித்து, சருகை வெள்ளைத் துணியில் உதறிப் பாருங்கள். பிறகு 10 செ.மீ. ஆழம் தோண்டி மண்ணையும் உடைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் உயிர்களுக்குப் புனல் முறை. புனலில் சல்லடை வைத்து, அதன்மேல் சருகைப் பரப்பி, உயரே ஒரு குண்டு பல்பை எரியவிட்டால், சூட்டுக்கும் வறட்சிக்கும் விலகி அவை கீழிறங்கி, அடியில் வைத்த எரிசாராயக் குப்பியில் விழும். இத்தாலியரான பெர்லேசே 1905இல் வெந்நீர்ச் சூட்டில் செய்ததை, ஸ்வீடனின் துல்கிரேன் பின்னர் பல்புக்கு மாற்றினார். பல்பை நெருக்கி வைக்காதீர்கள். மெதுவாக நகர்பவை இறங்கும் முன்பே காய்ந்துவிடும்.

புதரடியில் ஈரம் நிற்கிறதே, புழு பூச்சி அதிகம்தானே என்று கேட்பார்கள். சில இடங்களில் அது உண்மை. அதனால்தான் எண்ணிக்கையையும் வகையையும் தனித்தனியே எழுத வேண்டும்: ஈரம் விரும்பும் இரண்டு மூன்று வகைகள் பெருகினால், புல்வெளி எறும்பும் வண்டும் மறைந்தாலும் மொத்தம் ஏறியே காட்டும். மண் முன்பே கெட்டதால்தான் உண்ணி வந்தது என்பது இதைவிடக் கனமான மறுப்பு. ஒருமுறை எண்ணி அதற்குப் பதில் சொல்ல முடியாது. வெட்டிய பிறகும் இரண்டு இடங்களையும் தொடர்ந்து எண்ணி, வெட்டிய இடம் அண்டை இடத்தை நெருங்கி வருகிறதா என்று பார்க்க வேண்டும். நெருங்கினால் செடியின் மேலுள்ள குற்றச்சாட்டு வலுக்கிறது. நெருங்காவிட்டால் மேய்ச்சல், தீ ஆகியவற்றையும் விசாரிக்க வேண்டும்.

வெட்டும் முறையும் இதில் அடங்கும். ஜேசிபி மண்ணையே புரட்டிவிடும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு வகுத்தபடி, மண்ணுக்குச் சில செ.மீ. கீழே ஆணிவேரை வெட்டிப் புதரைத் தலைகீழாகக் கவிழ்ப்பதே நல்லது. சருகைக் கொளுத்தாதீர்கள். வன நிலமென்றால் வனத்துறை அனுமதி பெற்ற பிறகே கை வையுங்கள். பிறகு ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே சதுரங்களுக்கு அருகில், குறைந்தது மூன்று ஆண்டுகள் எண்ணுங்கள்.