மணாலியில் பனி கொட்டும் முன்

சிம்லா வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை விடுத்துவிட்டால், சோலாங், அடல் சுரங்கப்பாதைப் பக்கம் போகும் திட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். 9 கி.மீ. சுரங்கத்துக்குள் பனி இல்லை. அதற்குப் போய்ச்சேரும் சாலையில்தான் வண்டிகள் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்கின்றன.

மின்சாரம் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். போன், பவர் பேங்க், டார்ச் எல்லாம் முன்கூட்டியே சார்ஜ் ஆகட்டும். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். போனை உள்சட்டைப் பையில் வையுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும். இன்சுலினை உறையவிடாதீர்கள், உறைந்தால் வீண். இரவில் தண்ணீர் உறையாதிருக்கக் குழாயை நூலளவு ஒழுகவிடுங்கள்.

காரை ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள்; ஹேண்ட் பிரேக் போட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும். வைப்பரைத் தூக்கி நிறுத்துங்கள். காலையில் சைலன்சர் வாயை அடைத்த பனியை நீக்காமல் எஞ்சினைத் தொடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அங்கீத்தி எனும் கரி அடுப்பு. மூடிய அறையில் அங்கீத்தியை வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். படுக்கும்முன் அதை வெளியே வைத்துவிட்டு, இன்னொரு கம்பளி கேட்டு வாங்கிப் போர்த்திக்கொள்ளுங்கள்.