யார்? எப்படி அழைப்பாய்?

மானுடவியல் முதுகலை மாணவர்கள் களப்பணிக்குமுன் கற்கும் முறைகளுள் ஒன்று வம்சாவளி முறை. 1898இல் டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற கேம்பிரிட்ஜ் ஆய்வுக் குழுவில் இருந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் இதை உருவாக்கினார். பின்னர் நீலகிரித் தோடர்களிடமும் இம்முறையைக் கையாண்டு, 1906இல் அவர்களைப் பற்றி நூல் வெளியிட்டார்.

முறை எளியது. தந்தை, தாய், பிள்ளை, கணவன், மனைவி ஆகிய ஐந்து சொற்களை மட்டும் கொண்டு கேட்க வேண்டும். ‘பெற்ற தாய்தானா?’ என உறுதிசெய்து, ஒவ்வொருவர் பெயரையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். அதன்பிறகே, ‘இவரை நீங்கள் எப்படி அழைப்பீர்கள்?’ என்று கேட்க வேண்டும். இதனால் ஆய்வாளரின் ஊகம் குறைகிறது. அம்மக்களின் உறவுமுறை தெளிவாகிறது.

இதை அறியாத நாளில் நான் ஒரு தவறு செய்தேன். தந்தை இறந்துவிட்டதாகப் பதிவேட்டில் இருந்த ஏழாம் வகுப்பு மாணவன், “அப்பா ஊர்லேர்ந்து வந்திருக்கார், சார்” என்று விடுப்புக் கேட்டான். பொய் என்று எண்ணி வகுப்பின் முன் கண்டித்தேன். மறுநாள் அவனை வளர்க்கும் பெரியப்பா பள்ளிக்கு வந்தார். அவரைத்தான் அவன் ‘அப்பா’ என்று அழைப்பான்.

குடும்ப விவரம் திரட்டும்போது ‘யார்?’, ‘எப்படி அழைப்பாய்?’ என்னும் இரு கேள்விகளையும் நாம் பிரித்துக் கேட்போம். மாணவரைத் தனியே அழைத்துக் கேட்போம்.