நமக்குப் பிறகு பிள்ளைகள் அலையாதிருக்க



இம்முறை நாம் படிக்கப்போவது சாவுக்குப் பிறகு வரும் காரியங்களைப் பற்றி. "நல்ல நாளில் இந்தப் பேச்சு எதற்கு?" என்று முகம் சுளிக்க வேண்டாம். உழைத்த காசு உரியவர் கைக்குப் போக, உயிரோடு இருக்கும்போதே நாம்தான் வழி செய்ய வேண்டும்.

1958ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் சம்பளத்தில் நூற்றுக்கு 8ம், தோட்டத்தின் பங்காக 12ம் ஈ.பீ.எப்புக்குப் போகிறது. ஈ.டி.எப்புக்குத் தோட்டம் 3 கட்டுகிறது. 5 வருடம் வேலை செய்தவருக்குச் சேவைக்காலப் பணமும் உண்டு. ஆள் இறந்தாலும் இந்தக் காசு குடும்பத்துக்குச் சேர வேண்டியது.

ஒரு உதாரணம் பார்ப்போம். மகள் தன்னாமுனையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வேலை விட்ட தாய், ஈ.பீ.எப் காசு எடுக்குமுன் அங்கே போயிருந்து இறந்துவிடுகிறார். செக்ரோலில் 'மாரியாயி', அடையாள அட்டையில் 'மாரியம்மா'. இருவரும் ஒரே ஆள் என்று காட்ட, மட்டக்களப்பிலிருந்து மலைக்கு எத்தனை தடவை பஸ் ஏறுவது? அதனால் இப்போதே செய்யுங்கள்:

1. பெயர்: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஈ.பீ.எப், வங்கிப் புத்தகம் நான்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் தோட்ட ஆபீசில் சொல்லித் திருத்துங்கள்.

2. நாமினி: யார் பெயர் கொடுத்தோம் என்று கேட்டறியுங்கள். கல்யாணமானதும், நாமினி இறந்துபோனாலும் புதிதாக எழுதிக் கொடுங்கள். கல்யாணத்தைப் பதிவு செய்யுங்கள். தாலி கட்டியது லயத்துக்கே தெரியும். ஆபீசுக்குக் கடதாசி வேண்டும்.

3. மரணப் பதிவு: எந்த ஊரில் இறந்தாரோ அந்த ஊர்ப் பதிவாளரிடம் பதியுங்கள்.  அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரைச் சொல்லுங்கள்.

4. வங்கி: இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையில் காசு எடுக்கக்கூடாது. மரணச் சான்றிதழோடு வங்கிக்குப் போங்கள்.

5. போன்: பேரப்பிள்ளைகளின் படமெல்லாம் இப்போது கூகுள் கணக்கில்தான் கிடக்கிறது. 2 வருடம் யாரும் தொடாவிட்டால் கூகுள் அந்தக் கணக்கை அழிக்கலாம். நமக்குப் பின் யாருக்குப் போக வேண்டும் என்று அதிலேயே 10 பேர் வரை குறிக்கலாம். பேஸ்புக்கிலும் ஒருவரை நியமிக்கலாம். ஆனால் அவரால் நம் அந்தரங்கக் கடிதங்களைப் படிக்க முடியாது. படித்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள்.

கடைசியாக, ஒரு கொப்பி போடுங்கள். ஈ.பீ.எப் இலக்கம், வங்கியும் கிளையும், போன் நம்பர், நகை அடகுச் சீட்டு, கொடுத்த கடன், வாங்கிய கடன் எல்லாம் எழுதுங்கள். பின் நம்பரை மட்டும் அதில் எழுதாதீர்கள். கொப்பி எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று வீட்டில் இரண்டு பேருக்குச் சொல்லுங்கள்.

அடுத்த சம்பள நாளன்று முதலாவது வேலையைத் தொடங்குங்கள். சந்தேகம் இருந்தால் கடதாசிகளோடு நலன்புரி அலுவலரிடம் வாருங்கள்.