கால்வாயில் விட்டால் புண்ணியமா?

கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட ஆமைக்குஞ்சு விற்பனைக்கு வரும்போது உள்ளங்கையில் பாதிகூட இருக்காது. கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிவீட்டில் குடியிருப்பவர்களுக்கு நாய் வளர்க்க இடமில்லை. பிள்ளைகளோ ஒரு பிராணி வேண்டும் என்று நிற்பார்கள். அங்கேதான் இந்தச் செங்காது ஆமை வீட்டுக்குள் வருகிறது. அதோடு சேர்ந்து வரும் சில நம்பிக்கைகள் நமது நாட்டு ஆமைகளுக்கு ஆபத்தானவை.

"இது இவ்வளவுதான் வளரும்" என்பது முதலாவது. பெண் ஆமையின் ஓடு 25 சென்ரிமீற்றரையும் தாண்டி வளரும். நன்றாகப் பராமரித்தால் 30 வருடம்கூட உயிரோடு இருக்கும். சின்னத் தொட்டியில் வைத்தால் சின்னதாகவே இருக்கும் என்பதும் பிழை, அது நோயில்தான் முடியும். ஆமைகள் சல்மனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியவை. அதனால் அமெரிக்கா 1975இல் 4 அங்குலத்துக்கும் குறைந்த ஆமைகளை உள்நாட்டில் விற்பதைத் தடைசெய்தது. ஆனால் 1989க்கும் 1997க்கும் இடையில் அதே நாடு 5 கோடியே 20 இலட்சம் செங்காது ஆமைகளை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்தது. தன் பிள்ளைகளுக்கு ஆகாதென்று கண்டதை மற்றவர் பிள்ளைகளுக்கு விற்றது பெரிய அநியாயம்.

வளர்ந்த ஆமை தொட்டிக்குள் அடங்காமல் போகும்போது, "கால்வாயில் விட்டால் புண்ணியம், அதுவும் பிழைத்துக்கொள்ளும்" என்ற நம்பிக்கை வருகிறது. அது பிழைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான், சிக்கலே அங்குதான் இருக்கிறது. இலங்கையின் நன்னீரில் இயல்பாக வாழும் ஆமை இனங்கள் இரண்டே இரண்டு. ஒன்று பாலாமை, சிங்களத்தில் கிரி இப்பா. இலங்கையில் உள்ள பாலாமை உலகில் வேறெங்கும் இல்லாத தனி இனமென்று இப்போது கருதப்படுகிறது. மற்றது முதுகில் மூன்று வரம்பு ஓடும் கறுப்பாமை. கறுப்பாமையும் செங்காது ஆமையும் நீர்த்தாவரம், புழு, நத்தை, செத்த மீன் என்று கிடைத்ததைத் தின்பவை. இரண்டும் கரையோரக் கட்டைகளில் ஏறி வெயில் காய்பவை. பிரான்சில் அன்ரொயின் காடி, பியர் ஜொலி என்ற ஆய்வாளர்கள் ஐரோப்பியக் குளத்தாமையையும் செங்காது ஆமையையும் ஒரே குளத்தில் விட்டுப் பார்த்தார்கள். வெயில் காயும் நல்ல இடங்களைச் செங்காது ஆமை பிடித்துக்கொண்டது. உள்ளூர் ஆமைகள் எடை குறைந்தன, கூடுதலாக இறந்தன. அந்த முடிவுகள் 2003இலும் 2004இலும் வெளியாகின. ஒன்றையொன்று கடிக்காமலே, இடத்தைப் பிடித்துக்கொள்வதாலேயே ஓர் இனம் மற்றதை ஒடுக்கலாம்.

"குளிர்நாட்டு ஆமை, நம் வெக்கைக்கு நிற்காது" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இதன் தாயகம் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கு. அதன் தென்முனை மெக்சிகோ வளைகுடா, அங்கே கோடை கடுமையானது. சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் இன்று கண்ணில் அதிகம் படும் ஆமை இதுதான். முட்டை புதைந்திருக்கும் மண்ணின் சூடு ஏறத்தாழ 29 பாகை செல்சியசுக்குக் குறைந்தால் ஆண் குஞ்சும் கூடினால் பெண் குஞ்சும் பொரிக்கும். ஆகவே சூடான நாட்டில் ஆண்கள் குறைந்து இனம் தானாக அற்றுவிடும் என்று வாதிடலாம். ஆனால் கடையிலிருந்து புதிது புதிதாக வந்து விழுந்துகொண்டிருக்கும்வரை அது அறுவதற்கு வழியில்லை.

எங்கே இவை பரவும் என்பதை முன்கூட்டியே கணிக்க விஞ்ஞானிகள் காலநிலை வரைபடங்களைப் பயன்படுத்துகிறார்கள். தாயகத்தின் மழை, வெப்பம் ஆகியவற்றை எடுத்து, அதே நிலை உலகில் எங்கெல்லாம் உண்டு என்று தேடுவது இந்த முறை. இதைச் சிலர் "வரைபடத்தில் நிறம் இல்லாத இடம் பாதுகாப்பு" என்று விளங்கிக்கொள்கிறார்கள். 2009இல் டெனிஸ் ரொடர் குழுவினர் இதே ஆமையை வைத்துச் செய்த ஆய்வு இந்த எண்ணத்தை உடைத்தது. எந்தக் காலநிலை அளவுகளைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து வரைபடமே மாறியது. பொருந்தாது என்று காட்டிய இடங்களிலும் ஆமை ஏற்கெனவே இருந்தது. வரைபடம் சொல்வது எங்கே வாழ முடியும் என்பதை மட்டுமே. எங்கே வந்து சேரும் என்பதைத் தீர்மானிப்பது கடையும், வீடும், வீட்டுக்கு அருகில் ஓடும் நீரும்.

கொழும்பை அப்படிப் பார்த்தால் கவலை கூடுகிறது. வெள்ளவத்தைக் கால்வாய் கிருலப்பனைக் கால்வாயோடும், அது தியவன்னா ஓயாவோடும் தொடுகிறது. தெஹிவளைப் பக்கக் கிளை 1990இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட பெல்லன்வில-அத்திடிய சதுப்பு நிலத்தோடு இணைகிறது. 2018இல் சர்வதேச ரம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற ஊர் கொழும்பு. ஒரு பாலத்தில் நின்று விடும் ஆமை அந்தப் பாலத்தடியிலேயே நிற்காது. தொட்டி மீனாக வந்த டேங்க் கிளீனரும் நைஃப் பிஷ்ஷும் இலங்கையின் நீர்நிலைகளில் ஏற்கெனவே குடியேறிவிட்டன.

"அப்படியானால் கடலில் விடுவோம்" என்பது கொடுமை. கடலாமைக்குத் துடுப்புக் கால். செங்காது ஆமைக்கு நகமும் விரலிடைச் சவ்வும். உப்பு நீரில் துன்பப்பட்டுச் சாகும்.

இன்னொரு பிழையும் உண்டு: கால்வாயில் தெரியும் ஆமையெல்லாம் அன்னியம் என்று கல்லெறிவது. வயதான செங்காது ஆண் ஆமைகளில் சிவப்புக் கோடு மங்கி உடல் கறுத்துப்போவதால், தெரிந்தவர்களே தடுமாறக்கூடும். கட்டையில் வெயில் காய்வது ஒரு கறுப்பாமையாக இருக்கலாம். எடுக்கவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். படம் எடுத்து வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அனுப்புங்கள். வீட்டில் செங்காது ஆமை இருந்தால் கடைசிவரை வளருங்கள். முடியாவிட்டால் வாங்கிய கடையிலோ வளர்க்கக்கூடிய இன்னொருவரிடமோ கையளியுங்கள். இன்னும் வாங்காதவர்கள் தயவுசெய்து வாங்காதீர்கள்.