இரண்டு கொக்கிகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியே பாலக்காட்டுக் கணவாய். அதன் வழியே பருவமழைக் காலத்தில் காற்று வலுவாக வீசும். அக்காற்றிலிருந்து மின்சாரம் பெற, 1995ஆம் ஆண்டு கேரள மின்வாரியம் கஞ்சிக்கோட்டில் ஒன்பது காற்றாலைகளை நிறுவியது. ஒவ்வொன்றும் 225 கிலோவாட் திறன் உடையது.

காற்றாலையைப் பழுதுபார்க்கக் கோபுரத்தின் உச்சிவரை ஏறவேண்டும். ஆலைக்கூரை மாற்றுவோரும், சாரத்தில் நின்று சுவர் பூசுவோரும் உயரத்திலேயே உழைக்கின்றனர்.

மேலிருந்து விழும் பொருள் முதல் நொடியிலேயே ஏறத்தாழ 5 மீட்டர் கீழே வந்துவிடும். எதையேனும் பற்றிக்கொள்ளலாம் என எண்ணுவதற்குள் உடல் தரையைத் தொட்டுவிடும். ஆகவே, காப்பு என்பது விழும்போது தேடுவதன்று, ஏறுமுன் அணிவது.

அக்காப்பே கச்சை. தொழிலாளர்கள் அதனைச் 'சேஃப்டி பெல்ட்' என்பர். இடுப்பில் மட்டும் கட்டும் பட்டை, விழும்போது வயிற்றையும் முதுகெலும்பையும் தாக்கும். முழு உடற்கச்சையோ அவ்விசையைத் தொடைக்கும் தோளுக்கும் பகிர்ந்தளிக்கும்.

கச்சையில் இரு கயிறுகளும் இரு கொக்கிகளும் உண்டு. ஒரு கொக்கியைத் தலைக்கு மேலுள்ள உறுதியான கம்பியில் மாட்டிய பின்னரே மற்றதைக் கழற்ற வேண்டும். இதுவே பயிற்சியின் முதற்பாடம். கச்சை அணிந்தும் கொக்கி மாட்டாதவர், கச்சை அணியாதவரே ஆவார். "இரண்டு நிமிட வேலைதானே" என்னும் எண்ணமே உயிரைப் பறிக்கும்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் நேரே கால் வைத்தலாகாது. பலகை இட்டு அதன்மேல் நடத்தல் வேண்டும். தவறி விழுந்து கச்சையில் தொங்குபவரை விரைந்து கீழிறக்க வேண்டும். அசைவின்றி நெடுநேரம் தொங்கினால் கால்களில் குருதி தேங்கி உயிருக்கே கேடாகும். எனவே, எவரும் தனியே ஏறலாகாது. ஒருமுறை விழுந்தவரைத் தாங்கிய கச்சையை மீண்டும் அணிதலும் கூடாது.

விழக்கூடிய உயரத்தில் வேலை செய்வோர்க்குத் தடுப்போ வேறு காப்போ அமைக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே கூறியது. ஆதலால், "கச்சை தாருங்கள்" எனக் கேட்பது அச்சமன்று, உழைப்பவரின் உரிமை.

சொற்பொருள்
கச்சை – உடலைச் சுற்றிக் கட்டும் வார்ப்பட்டை
சாரம் – கட்டட வேலைக்காகக் கட்டப்படும் மேடை
குருதி – இரத்தம்

பயிற்சி
1. பிரித்து எழுதுக: முதற்பாடம், பகிர்ந்தளிக்கும், கீழிறக்க.
2. கச்சையில் இரு கொக்கிகள் இருப்பது ஏன்?
3. எவரும் தனியே ஏறலாகாது என்பதன் காரணம் யாது?
4. உங்கள் வீட்டிலோ அண்டையிலோ உயரத்தில் வேலை செய்பவர் உளரா? அவர் தம்மை எவ்வாறு காத்துக்கொள்கிறார் எனக் கேட்டறிந்து ஐந்து வரிகள் எழுதுக. இப்பாடத்தை அவருக்குப் படித்துக் காட்டுக.